வெயிலை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு

அன்புள்ள அக்காமாரே, அண்ணாச்சிமாரே,

உப்பளத்தில் உப்பு வாருகிற, மொட்டைமாடியில் வடகம் பிழிகிற, சூளையில் பச்சைக்கல் அறுக்கிற, கடற்கரையில் கருவாடு காயப்போடுகிற, பனை ஏறுகிற, அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை போட்டு ஊர் ஊராகப் போகிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். உங்களில் ஒருவருக்கு மற்றவர் முகம் தெரியாது. ஆனால் உங்கள் எல்லோருக்கும் படியளப்பது பங்குனி, சித்திரை, வைகாசி வெயில்தான்.

2025-இல் அந்த வெயில் ஒழுங்காகக் காயவில்லை. மார்ச் இரண்டாம் வாரத்திலேயே தென் மாவட்டங்களிலும் டெல்டாவிலும் கனமழை அடித்தது. ஏப்ரலில் விட்டுவிட்டு மாலை மழை. மே 4-ஆம் தேதி கத்திரி தொடங்கிய பிறகும் வானம் வெளுக்கவில்லை. மே 24-ஆம் தேதி, வழக்கத்துக்கு எட்டு நாள் முன்னதாகவே, கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டது. 2009-க்குப் பிறகு அவ்வளவு சீக்கிரம் அது வந்ததில்லை. நீலகிரிக்குச் சிவப்பு எச்சரிக்கை விட்டு, கோடை விடுமுறைக்கு வந்தவர்களை அறைக்குள் இருக்கச் சொன்னார்கள். மார்ச் முதல் மே வரையான மூன்று மாதங்களில் தமிழ்நாட்டுக்கு வழக்கமாகக் கிடைப்பது பன்னிரண்டு, பதின்மூன்று செ.மீ. மழை. அந்த ஆண்டு ஏறத்தாழ இரு மடங்கு கொட்டியது.

அந்த மூன்று மாதமும் செய்திகளில் ஒரே வாசகம்தான் ஓடிக்கொண்டிருந்தது: வெப்பம் தணிந்தது, மக்கள் மகிழ்ச்சி. பொய்யில்லை. மின்விசிறிக் காற்றே அனலாக அடிக்கும் மாதத்தில், சாயங்காலம் மண் வாசனை ஏறி வந்தால் யாருக்குத்தான் பிடிக்காது? தூங்காத குழந்தைகள் தூங்கின. ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீர் ஏறியது. பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் வயசாளிகளுக்கும் அந்த மழை உண்மையிலேயே உயிர்க்காற்று. ஆனால் மகிழ்ந்த மக்கள் கணக்கில் நீங்கள் இல்லை. உங்களை யாரும் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தாலும் நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஏன் சொல்ல மாட்டீர்கள் என்றும் தெரியும். மழையைத் திட்டினால் அடுத்த வருசம் பெய்யாது என்று சொல்லி வளர்த்தார்கள் நம்மை. பெய்கிற மழையைப் பார்த்து “போதும்” என்பது சாபம் போலப் படுகிறது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த மாநிலம் இது. அப்படிப்பட்ட ஊரில், சித்திரை மழையால் என் அடுப்பு எரியவில்லை என்று எந்த வாயால் சொல்வது? ஆகவே வாயை மூடிக்கொண்டு நனைந்ததை அள்ளிக் கொட்டிவிட்டு, அடுத்த நாள் வானத்தைப் பார்க்கிறீர்கள். உங்கள் இழப்பு உங்கள் வீட்டு வாசலைத் தாண்டி வெளியே வருவதே இல்லை.

முதலில் உப்பளத்து மக்களோடு பேசுகிறேன், ஏனென்றால் மழையின் அடி உங்கள் மேல்தான் நேராக விழுகிறது. தூத்துக்குடியில் தண்ணீரையும் மண்ணையும் வெயிலையும் வைத்துக்கொண்டு உப்பு விளைவிப்பது எவ்வளவு நுட்பமான வேலை என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. தை மாதத்தில் பாத்திகளைச் சீர் செய்து, தளத்தைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குகிறீர்கள். பிறகு உவர்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவைக்கிறீர்கள். கடல்நீரின் அடர்த்தி ஏறக்குறைய மூன்று டிகிரியில் தொடங்குகிறது. வெயில் தண்ணீரைக் குடிக்கக் குடிக்க அடர்த்தி ஏறி, இருபத்தைந்து டிகிரியை ஒட்டி வந்த பிறகுதான் உப்புக் கண் திறக்கிறது. அந்த மூன்றிலிருந்து இருபத்தைந்து வரை ஏறுகிற பாதை முழுக்க வெயிலும் காற்றும் போட்ட உழைப்பு. ஒரு மாலையில் வந்து போகும் நல்ல மழை அதைத் திரும்பக் கீழே இறக்கிவிடுகிறது. நல்ல தண்ணீர் லேசானது என்பதால் முதலில் மேலே மிதக்கும். தூறலோடு நின்றால் அதை வடித்துவிட்டு உப்பைக் காப்பாற்றலாம். காற்றோடு அடித்துப் பெய்தால் கலந்துவிடும். விளைந்து கிடந்த உப்பும் கரைகிறது, மிதித்து இறுக்கிய தளமும் இளகுகிறது. மழை பெய்தது ஒரு மணி நேரம். திரும்ப உப்பு வார ஆகும் காலம் பத்து நாளோ, பதினைந்து நாளோ. அதற்குள் அடுத்த மழை வந்துவிட்டால் முதலிலிருந்து.

இதில் ஒரு கொடுமை உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை போவது உங்களுக்கு எதிர்பார்த்ததுதான். அதற்கு முன்பே ஏதாவது சேர்த்து வைப்பீர்கள், அல்லது வேறு கூலிக்குப் போவீர்கள், வட்டிக்கு வாங்கினாலும் மாசியில் திருப்பலாம் என்று ஒரு கணக்கு இருக்கும். சித்திரையில் வேலை போவதற்கு எந்தக் கணக்கும் இல்லை. வருசம் முழுக்கச் சாப்பிட வேண்டிய கூலியைச் சம்பாதிக்கும் மாதம் அதுதான். போன வட்டியை அடைக்கும் மாதமும் அதுதான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டித் தீர்த்தபோது உப்பளங்கள் ஏரிகளாக நின்றதை உலகம் பார்த்தது. படம் எடுத்தார்கள், அமைச்சர்கள் வந்தார்கள். அது வெள்ளம், கண்ணுக்குத் தெரிந்தது. வாரம் ஒரு முறை விட்டுவிட்டுப் பெய்கிற இளவேனில் மழையில் எதுவும் மூழ்குவதில்லை, படம் எடுக்க ஒன்றும் இருக்காது. பாத்தியில் தண்ணீர் வழக்கம்போலத்தான் நிற்கும். அந்தத் தண்ணீரின் டிகிரி குறைந்திருப்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு எழுந்து, வெயில் ஏறுவதற்குள் வாரி முடிக்க ஓடுகிற அக்காமாரே, உங்களிடம் ஒன்று தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். கோடை மழை இடியோடு வருவது. உப்பளம் வெட்டவெளி, அங்கே நிற்கிற மனிதரைவிட உயரமாகப் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. முதல் இடி கேட்டதும் பாத்தியை விட்டு ஏறிவிடுங்கள். உப்பு அம்பாரத்தை மூட ஓடாதீர்கள். பனையடியில் ஒதுங்காதீர்கள். கரைந்த உப்பு மறுபடி விளையும். இதை உங்களிடம் சொல்லும்போது எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் ஓடிப் போய் நிற்க உங்களுக்கு ஒரு கட்டடம் பக்கத்தில் இருக்கிறதா என்பதே கேள்வி. ஒதுங்க ஒரு காரைக்கட்டடம் கட்டிக் கொடுப்பது உப்பளம் நடத்துகிறவரின் கடமை என்று நான் நினைக்கிறேன். ஓலைக் கொட்டகை இடிக்குப் பாதுகாப்பாகாது.

வடகம் பிழிகிற மதினிமாருக்கு வருகிறேன். இந்த மழைக்கு ஒரு குணம் இருக்கிறது, அது உங்களைத்தான் அதிகம் ஏமாற்றும். புயல் மழை என்றால் இரண்டு நாள் முன்பே வானம் மூட்டம் போட்டுச் சொல்லிவிடும். இளவேனில் மழை அப்படியல்ல. காலையில் பளிச்சென்று வெயில் அடிக்கும். அந்த வெயில்தான் மழைக்கே விதை. நிலம் சூடேறி, அந்தக் காற்று மேலே போக, கடல் பக்கமிருந்து ஈரக்காற்று உள்ளே வர, இரண்டு திசைக் காற்றும் முட்டிக்கொள்ளும் இடத்தில் பிற்பகலுக்குள் மேகம் மலையாக எழும்பிவிடுகிறது. வெயில் சுள்ளென்று இருக்கிறதே என்று நம்பி ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சிப் பழைய வேட்டியில் ஊற்றி வைத்தால், மூன்று மணிக்கு முதல் சொட்டு விழும். வடகத்துக்கு இரண்டு, மூன்று முழு வெயில் வேண்டும். முதல் நாள் அரைகுறையாகக் காய்ந்து, இரண்டாம் நாள் மூட்டமாகப் போனால் அது புளித்துப் போகும், அல்லது பூஞ்சை பிடிக்கும். வீட்டுக்குள் கயிறு கட்டி, மின்விசிறிக்கு அடியில் பரப்பிக் காப்பாற்றப் பார்ப்பீர்கள். வடகம் மொறுமொறுப்பது முழுக்கக் காய்ந்தால்தான். விசிறிக் காற்றில் அரைகுறையாகக் காய்ந்தது எண்ணெயில் சரியாகப் பொரியாது. அதை விற்க உங்களுக்கு மனசு வராது.

பலபேர் வீட்டில் இது கைச்செலவுக்கான வேலை என்று நினைக்கிறார்கள். தெருவில் ஒரு சுற்று சுற்றி வந்தால் தெரியும். குழுவில் கடன் எடுத்து, அரிசியும் உளுந்தும் ஜவ்வரிசியும் மூட்டையாக வாங்கி, கோடை மூன்று மாதத்தில் வருசத்துக்கான வருமானத்தைப் பார்க்கிற பெண்கள் எத்தனையோ பேர். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்ப ஆர்டர் கொடுப்பவர்கள் வைகாசிக்குள் கேட்பார்கள். வாரத் தவணை வசூலிக்க வருகிறவர் மழை பெய்தது என்று ஒரு வாரமும் தள்ளி வருவதில்லை. மாவு கெட்டது, நாள் கெட்டது, தவணை மட்டும் கெடாமல் நிற்கிறது.

கடற்கரைக்காரர்களுக்கு இது வேறு விதமாக வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நாட்டுப்படகில் வருகிற நெத்திலியும் சாளையும்தான் அப்போது கருவாடு. வெயில் நன்றாக அடித்தால் மணலில் ஓரிரு நாளில் சலசலவென்று காய்ந்துவிடும் நெத்திலி, மழை ஈரம் ஏறினால் புழு வைத்துவிடுகிறது. கருவாட்டு வேலை பெரும்பாலும் பெண்களுடையது. மீன்பிடித் தடைக்கால நிவாரணம் இப்போது குடும்பத்துக்கு 8,000 ரூபாய் தருகிறார்கள். அது கடலுக்குப் போகாத நாட்களுக்கானது. காயவைத்த கருவாடு நனைந்து போனதற்கு எந்தத் தலைப்பிலும் பணம் இல்லை.

சூளைக்காரர்களே, உங்கள் கதையை நீட்டவே எனக்குத் தயக்கமாக இருக்கிறது, அவ்வளவு பாரம். அறுத்து வரிசையாக அடுக்கிய பச்சைக்கல் சுடுவதற்கு முன் ஒரு மழையில் மண்ணாகிவிடும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. கரைந்த கல் எண்ணிக்கையில் சேராது என்று சொல்கிற சூளைகள் இருக்கின்றன. முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு வந்து, தையிலிருந்து ஆனி வரை உழைத்து அதைக் கழிக்க வேண்டியவர்கள், மழை நாட்களில் கழிக்க முடியாமல் அடுத்த பருவத்துக்கும் அதே சூளைக்கே கட்டுப்பட்டுப் போகிறார்கள். மேகம் ஒரு பக்கம் இருக்கட்டும், கரைந்த கல்லின் நட்டத்தை அறுத்தவன் தலையில் எழுதுவது மனிதர் செய்கிற வேலை. அதை மனிதர் மாற்ற முடியும்.

கிடைபோடுகிற கீதாரிகளுக்கு: அறுத்த தாளடியில் ஆடு மேயும் மாதங்கள் இவை. காய்ந்த பூமியில் திடீரென்று மழை விழுந்து இளம்புல் துளிர்த்தால் ஆடு ஆசையாக மேயும். அப்போது வருவதுதான் துள்ளுமாரி நோய். நேற்று நன்றாக இருந்த குட்டி துள்ளித் துடித்து விழுவதைப் பார்த்தவர்கள் நீங்கள். மழைக்காலத்துக்கு முன் தடுப்பூசி போட வேண்டும் என்பது பழைய பாடம். இப்போது பங்குனியிலேயே மழைக்காலம் தொடங்குகிறதென்றால் ஊசியும் மாசியிலேயே போடப்பட வேண்டும். கால்நடை மருத்துவமனையில் கேளுங்கள். நீங்கள் எந்த ஊர் எல்லையில் நின்றாலும் அங்குள்ள மருத்துவமனையிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பனை ஏறுகிறவர்களைப் பற்றி இரண்டு வரி. மழையில் பதநீர் நீர்த்துப் போகிறது, கருப்பட்டி சரியாக இறுகுவதில்லை, ஓலை விறகு நனைந்து காய்ச்சுகிற அடுப்பு புகைகிறது. இதையெல்லாம்விட, வழுக்குகிற பனையில் ஏற நேர்வதுதான் பெரிய ஆபத்து. ஏறாமல் விட்டால் பாளை கெடும் என்பதால் ஏறுகிறீர்கள்.

இவ்வளவு எழுதுவதால் நான் மழைக்கு எதிராக எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கோடை மழையை நம்பி எள் விதைத்தவர்கள் சிரித்தார்கள். ஈரம் கிடைத்ததும் கோடை உழவு ஓட்டினார்கள். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் பங்குனி மழை ஒன்று விழுந்தால்தான் பூ விரியும். ஆனால் அங்கேயும் கேட்டுப் பாருங்கள்: பூ விரிய ஒரு மழை, பிஞ்சு நிற்கப் பின்னால் ஒரு மழை, இரண்டுக்கும் நடுவில் வெயில் வேண்டும். பூ விரிந்த அன்றைக்கே கொட்டினால் அதே மழை மகரந்தத்தைக் கழுவிக்கொண்டு போய்விடும். விடாமல் பெய்கிற இளவேனில், அதை விரும்புகிறவர்களுக்கும் முழுக்க நன்மையில்லை. வடமாவட்டங்களில் நவரை நெல் அறுத்தவர்கள் கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைக் கொட்டி, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டுமே என்று தார்ப்பாயை மூடியும் திறந்தும் ராப்பகலாகக் காவல் இருந்தார்கள்.

இனி நான் எழுத வந்த காரியத்துக்கு வருகிறேன்.

உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் தருகிற திட்டம் சில ஆண்டுகளாக நடக்கிறது. நல்ல திட்டம்; நீண்ட காலம் கேட்டுப் பெற்றது. அது அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலை இல்லாத நாட்களுக்கானது. பயிர்ச் சேதத்துக்கு நிவாரணம் உண்டு, 33 சதவீதத்துக்கு மேல் சேதமாகியிருந்தால். 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அறிவித்தது. அது மிகச் சரியான முடிவு. ஆக, கோடையில் அதிக வெயில் அடித்தால் அதற்கு ஒரு பெயரும் ஒரு கோப்பும் இருக்கிறது. ஐப்பசியில் அதிக மழை பெய்தால் அதற்கும் இருக்கிறது. கோடையில் வெயில் இல்லாமல் போனால் உங்கள் தொழிலுக்கு எந்தக் கோப்பும் இல்லை. உப்பு பயிர் இல்லை, வடகம் பயிர் இல்லை, பச்சைக்கல் பயிர் இல்லை. மாதம் பார்த்துப் பணம் கொடுக்கிற முறை, மாதம் பார்த்து மழை பெய்த காலத்தில் சரியாக இருந்திருக்கும். 2008 மார்ச்சிலும் இப்படித்தான் பெய்து அறுவடையைக் கெடுத்தது. அப்போது அது எப்போதாவது வருகிற கெட்ட காலமாக இருந்தது. இப்போது அடிக்கடி வருகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள்.

நிவாரணம் மாதத்தை விட்டுவிட்டு, வேலை போன நாளைப் பார்க்க வேண்டும். இதுதான் நான் சொல்ல விரும்புவது. உப்பளத்தில் சித்திரையில் பதினைந்து நாள் வேலை நின்றால் அதுவும் மழைக்கால இழப்புதான் என்று அரசு ஏற்க வேண்டும். ஆனால் இதைக் கேட்கும்போது, எத்தனை நாள் போனது, யாருக்குப் போனது என்று அதிகாரி திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் உங்களிடம் மட்டுமே இருக்கிறது. அதுவும் நினைவில்தான் இருக்கிறது, தாளில் இல்லை.

ஆகவே ஒரு நோட்டுப் போடுங்கள். பிள்ளைகள் பள்ளி முடித்துத் தூக்கிப் போட்ட நோட்டில் பாதிப் பக்கம் காலியாக இருக்கும், அது போதும். மழை பெய்த தேதி. வேலை நின்ற நாட்கள். கெட்டது எவ்வளவு: இத்தனை பாத்தி, இத்தனை படி மாவு, இத்தனை ஆயிரம் கல், இத்தனை கூடை மீன். அன்றைய கூலி என்ன வந்திருக்கும். எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதட்டும். ஒருவர் எழுதினால் அது புலம்பல் என்று ஒதுக்கிவிடுவார்கள். ஒரே தெருவில் முப்பது வீட்டு நோட்டில் ஒரே தேதி இருந்தால் அதை ஒதுக்க முடியாது. பல தொழில்களுக்கும் சங்கங்கள் இருக்கின்றன, நல வாரிய அட்டையும் பலரிடம் இருக்கிறது. நோட்டோடு அட்டையின் நகலையும் சேர்த்து வையுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம் கேட்கலாம். வேளாண் பொறியியல் துறை சூரியக் கூடார உலர்த்தி அமைக்க விவசாயிகளுக்கு மானியம் தருகிறது. கண்ணாடி போன்ற தகடு வேய்ந்த அந்தக் கூடாரத்துக்குள் மழை புகாது, வெயில் புகும். வடகத்துக்கும் கருவாட்டுக்கும் ஊருக்கு ஒன்றாகப் பொதுவில் கட்டிக் கொடுத்தால் எத்தனையோ குடும்பத்தின் கோடை காப்பாற்றப்படும். இரண்டாவது, வானிலை எச்சரிக்கை. அடுத்த மூன்று மணி நேரத்துக்கு மாவட்டத்தில் இடியுடன் மழை என்று தொலைபேசியில் வருகிறது. தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறிலிருந்து காயல்பட்டினம் வரை கிடக்கிறது. கயத்தாற்று மழைக்காக ஆறுமுகநேரியில் வேலையை நிறுத்தினால் கூலி போகும், நிறுத்தாவிட்டால் உயிருக்கு ஆபத்து. வட்டார அளவில் சொல்லுங்கள் என்று கேட்பது பேராசை இல்லை.

கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் மார்ச் 22-உம் மே 1-உம் உங்கள் பருவத்துக்குள்ளேயே விழுகின்றன. பெரும்பாலும் உங்களுக்கு அந்த இரண்டு நாளும் வேலை நாள். கோடையில் ஒரு நாள் கூலியை விடுவது எவ்வளவு கஷ்டம் என்று அறிந்தேதான் சொல்கிறேன்: வீட்டுக்கு ஒருவராவது போங்கள். மார்ச் கூட்டத்தில், கோடை மழையில் வேலை இழப்பவர்களுக்கும் நிவாரணம் வேண்டும் என்று தீர்மானம் கேளுங்கள். அது பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்து, நகல் வாங்கிக்கொண்டு வாருங்கள். மே கூட்டத்துக்கு நோட்டுகளை எடுத்துக்கொண்டு போய், பெய்த தேதிகளை ஒவ்வொன்றாக வாசியுங்கள்.

உங்கள்,
உப்பு மண்ணில் பிறந்த ஒருவன்